கரையில் நின்றதாகச் சொன்ன ஊர்

ராஜபாளையம்,
வைகாசி 12.

அன்பு மகள் பாண்டிசெல்விக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் உன் தம்பி விமல் வீட்டாரும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருக்கிறோம், குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அந்தக் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உன் அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்த பிறகு பேப்பரை ஒரு முழம் தள்ளி வைத்துப் படிக்க முடிகிறது, படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் கோபப்படுகிறார், முன்பு கண் தெரியாமல் இருந்தபோது வீடு அமைதியாக இருந்தது. விமலின் பேண்டேஜ் துணித் தறிகள் ஓடுகின்றன, நூல் விலை ஏறுகிற நாளில் யாரோடும் பேச மாட்டான், மற்ற நாளில் நல்ல பிள்ளை. பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி மாடி எடுத்துக் கட்டுகிறாள், மணல் முழுக்க நம் வாசலில் கிடக்கிறது, எப்போது அள்ளுவாய் என்று கேட்டால் ரெண்டு ரோஜுலு அக்கா என்கிறாள், அந்த இரண்டு நாள் சித்திரையிலிருந்து நடக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் உட்கார்ந்து எழுதுவது இதற்காக இல்லை. போனில் நீ என்னை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கார் ஓட்டுகிறாய், நான் முக்கியமானதைச் சொல்ல வரும்போது அம்மா சிக்னல் வந்துருச்சு என்கிறாய். ஐந்தாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள், அதற்கு மேல் படித்ததெல்லாம் நானாகப் படித்தது, அந்தப் படிப்பை இன்றைக்கு உனக்கு எழுதத்தான் பயன்படுத்துகிறேன். கடைசி வரைக்கும் படி. நின்று படிக்காதே, உட்கார்ந்து படி.

இந்த வருஷம் நான் பிறந்த நம் ஊரில் துரைசாமி பூசைக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார்கள் என்று போனில் சொன்னேன். நீ சின்ன வயதில் இரண்டு முறையோ மூன்று முறையோ பூசைக்கு வந்திருக்கிறாய், உனக்கு ரொட்டியும் கலரும் கிடைத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கும், அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். கான்சாபுரத்துக்குத் தெற்கே நம் வாகைக் கண்மாய்க் கரைக்கு வெளியே, பனைகளுக்கு அந்தப் பக்கம், இரண்டு கல் நட்டிருக்கிறதே, அதுதான் துரைசாமி. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், முப்பத்தாறாம் வருஷம், பட்டாளத்து ஆட்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற விமானம் ஒன்று அங்கே விழுந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். கற்றுக்கொடுத்தவர் ஒருத்தர், கற்றுக்கொள்ள வந்த பையன் ஒருத்தன். உடல்களை மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், விழுந்த இடத்தில் ஊர்க்காரர்கள் கல் நட்டார்கள், அகாலமாகச் செத்தவர்களை நம் பக்கத்தில் அப்படியே விட மாட்டார்கள் இல்லையா. பெரிய துரைக்குப் பெரிய கல், சின்ன துரைக்குச் சின்ன கல். வருஷம் ஒருமுறை ரொட்டி, கருப்பட்டிக் காப்பி, சுருட்டு எல்லாம் வைத்துப் படைப்பார்கள். படைப்பதற்கு முன்னால் ஊர் மொத்தமும் கண்மாய்க் கரைமேல் ஏறி வரிசையாக நிற்க வேண்டும், தண்ணீர் நிற்கிற உள்வாயில் ஆடு மாடு குழந்தை எதுவும் இருக்கக் கூடாது, விரட்டிவிட்டு, சூடம் எரிந்து முடிகிற வரைக்கும் அந்த வெறும் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதன் பிறகுதான் மறுபக்கம் இறங்கிக் கல்லுக்குப் போவார்கள். ஏன் அப்படி நிற்கிறோம் என்று கேட்டால் அன்றைக்கு விமானம் விழுந்தபோது நம் முன்னோர் அப்படித்தான் கரையில் நின்று பார்த்தார்கள் என்பார்கள். இதுதான் ஊர் சொல்கிற கதை, இதைத்தான் சமுத்திரம் மாமா மகன் யூடியூபில் போட்டான், அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாவும் வந்தார்கள்.

அவர்கள் பெயர் மார்கரெட். எழுபத்தெட்டு வயது, கையில் ஒரு தடி, வெயிலில் முகம் செக்கச் சிவந்து போயிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கி, யாசின் என்று ஒரு கார்க்காரத் தம்பியைக் கூட்டி வந்தார்கள், அந்தத் தம்பிதான் இங்கிலீஷை நமக்கும் நம் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொன்னான். சின்ன துரை அவர்களுடைய பெரியப்பாவாம், அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பெயர் லெஸ்லி என்று அவர்கள் சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும், இத்தனை வருஷமும் பேர் தெரியாமலே கும்பிட்டிருக்கிறோம். இப்போது நாட்டாமையாக இருக்கிற என் பெரியப்பா மகன் சமுத்திரம் அண்ணன் நாற்காலி போட்டு மாலை போட்டு, தலைக்கு மேலே மகனை விட்டு டிரோன் பறக்கவிட்டு, ஒரு கல்யாண வீடு மாதிரி ஆக்கிவிட்டார். சுருட்டைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று அந்த அம்மா கேட்டார்கள், துரைக்குப் பிடிக்கும் என்று அண்ணன் சொன்னார், அவனுக்குப் பத்தொன்பது வயது, பீடி சிகரெட் பிடித்தால் அவன் அம்மா வீட்டுக்குள் விட்டிருக்க மாட்டாள் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், கூட்டமும் சிரித்தது. அப்போது பூசாரி வழக்கம்போலப் பெரிய கல்லுக்கு ஆள் உயர மாலையைப் போட்டுவிட்டு, உதிரியாக மிஞ்சின பூவைச் சின்னக் கல்லில் தூவினான். அந்த அம்மா அதைக் கவனித்தார்கள். ஏன் என்று கேட்கவில்லை, அவர்களுக்கே தெரிந்திருந்தது.

அவர்கள் சொன்னது இதுதான். விசாரணை நடத்தின அதிகாரிகள், தவறு பையனுடையது என்று முடிவு செய்தார்களாம். இஞ்சின் கோளாறாகிப் பத்திரமாக இறங்கத் தோதான காலி இடம் கிடைத்தும், தரையைத் தொடப் போன நேரத்தில் அவன் காரணமே இல்லாமல் மறுபடி மேலே தூக்கினான், வேகம் போதாமல் பனையில் அடித்து விழுந்தது, கூட இருந்தவரையும் கொன்றுவிட்டான் என்று அவர்கள் ஊர்ப் பேப்பரில் வந்ததாம். அவன் அப்பா சுவரில் மாட்டியிருந்த பட்டாள உடுப்புப் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாராம். இந்த அம்மாவின் அப்பா சாகிற வரைக்கும் மேலே விமானச் சத்தம் கேட்டால் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவாராம். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசினது கிடையாதாம், சாகிற அன்றைக்கு மட்டும் அவன் கெட்டிக்காரன், ஏன் தூக்கினான் என்று தெரியவில்லையே என்றாராம். இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்கள், உங்கள் பெரியவர்கள் யாராவது பார்த்திருப்பார்களே, அவன் ஏன் மேலே தூக்கினான் என்று எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா என்று. யாசின் அதைத் தமிழில் சொன்னான். ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. செல்வி, அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியாது, சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் முன்னால் நின்ற ஐந்தாறு கிழடுகளுக்குத் தெரியும், சமுத்திரம் அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தேன். அவிய ஏன் தூக்குனாகன்னா என்று ஆரம்பித்தேன். அண்ணன் மைக்கை வைத்துக்கொண்டே, “ஏட்டி அய்யம்மா, சும்மா இரி. கெட்டிக்குடுத்த பிள்ளைக்கு இங்க என்ன பேச்சு? வரி குடுக்கவன் பேசட்டும்” என்றார். அந்தக் கூட்டத்துக்கு முன்னால், எழுபத்தொரு வயதில், என்னை. கல்யாணமாகிப் போன பெண்ணிடம் கோயில் வரி வாங்குவதில்லை, வரி வாங்காத காரணத்தால் வாயும் கிடையாது, நன்றாக இருக்கிறது நியாயம். நான் வரி கொடுக்கிறேன் என்று எத்தனையோ வருஷம் கேட்டுப் பார்த்தவள். மதினி என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள், கொட்டு அடிக்கச் சொல்லி அண்ணன் கையைக் காட்டிவிட்டார், அந்தச் சத்தத்தில் யாசினிடம், சாமி மனசு சாமிக்குத்தான் தெரியும்னு சொல்லு என்றார். அந்தத் தம்பி அப்படியே சொன்னான். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, சின்னக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். நான் கையை உதறிக்கொண்டு கரை ஏறி இறங்குவதற்குள் கார் போய்விட்டது.

இப்போது என் அப்பா, உன் தாத்தா, சொன்னதை எழுதுகிறேன். கடைசி ஆறு மாதம் அவர் நம் ராஜபாளையம் வீட்டில்தானே படுக்கையில் கிடந்தார், நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அப்போது சொன்னது. அந்த வருஷம் வாகைக் கண்மாயின் மடை உடைந்து தண்ணீர் நிற்காமல் இரண்டு போகம் போய்விட்டது. ஊர் நாட்டாமை என் தாத்தா, அதாவது உன் பூட்டன். மடையைக் கட்டித் தரச் சொல்லி மேலே மனுக் கொடுத்திருந்தார், கோடைக்குள் துரை வந்து நேரில் பார்ப்பார் என்று தாலுகா கச்சேரியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. துரை குதிரையில் வருவாரா காரில் வருவாரா என்று சொல்லவில்லை. ஊர் மொத்தமும் அந்தத் துரைக்காகக் காத்துக் கிடந்த நேரத்தில்தான் கண்மாய்க்கு மேலே விமானம் வந்து வட்டம் போட்டது. அதற்கு முன்னால் விமானத்தை யாரும் பக்கத்தில் பார்த்தது கிடையாது. வட்டம் போடுவதும் தாழ்வதும் கண்மாயையே சுற்றிச் சுற்றி வருவதும் பார்த்த பூட்டன், துரை மேலேயிருந்தே கண்மாயைப் பார்க்க வந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் மடையன் இல்லை, அந்தக் கரிசல் காட்டுக்கு வேறு எதற்கு ஒரு துரை வருவார் சொல்லு. தப்படிக்கச் சொல்லி ஊரைக் கூட்டினார். மாலை எடுத்தார்கள், எலுமிச்சம்பழம் எடுத்தார்கள். அதோடு விடவில்லை. மடை சரியாக இருந்தால் தண்ணீர் எதுவரைக்கும் நிற்கும் என்று துரைக்குத் தெரிய வேண்டாமா என்று, ஆண், பெண், பிள்ளை எல்லாரையும் உள்வாய்க்குள் இறக்கி, தண்ணீர் நின்ற எல்லை வரைக்கும் ஆளை நிறுத்தினார். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் ஜனம் நின்றது. கண்மாய் நிறைந்துவிட்டது.

இஞ்சின் விட்டு விட்டு இருமியதாம். விமானத்தில் முன்னால் இருந்தவர், கற்றுக்கொடுக்கிற பெரிய துரை, பாதி எழுந்து நின்று இரண்டு கையையும் வீசி வீசி ஆட்டினாராம். போங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். நம் ஆட்கள் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள், பெண்கள் குலவை போட்டார்கள். என் அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது, பூட்டனின் தோளில் உட்கார்ந்திருந்தார், அதனால் எல்லாருக்கும் மேலே தெரிந்திருக்கிறது. முன்னால் இருந்தவரின் இரண்டு கையும் வெளியே இருந்தன, ஆகவே ஓட்டினது பின்னால் இருந்த பையன்தான். நேராக எங்கள் மூஞ்சிக்கு வந்தது என்பார் அப்பா, சக்கரம் பாட்டிமார் சேலையைத் தொடுகிற உயரத்துக்கு இறங்கிவிட்டதாம். இன்னும் ஒரு ஆள் உயரம் இறங்கினால் அவர்களுக்குத் தரை, எங்களுக்குச் சாவு. அப்போது அந்தப் பையன் தூக்கினான். காற்றில் பூட்டனின் தலைப்பாகை பறந்தது, அப்பாவின் முகத்தில் எண்ணெய் சூடாகத் தெறித்தது, விமானம் கரையைத் தாண்டிப் பனையில் இறக்கை அடித்துச் சோளக்காட்டில் விழுந்து எரிந்தது. உள்வாயில் நின்ற அத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடச் சிராய்ப்பு இல்லை. அடுத்த வாரம் பட்டாளத்து அதிகாரிகளும் போலீசும் வந்து பூட்டனை நிறுத்தி விசாரித்தார்கள். அவர் சொன்னார், “நாங்க அம்புட்டு பேரும் கரையில நின்னோம் எசமான். உள்வாயில ஒரு குஞ்சு குருமான் இல்ல” என்று. ஊரே அதைத் திருப்பிச் சொன்னது. அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். காலியாகக் கிடந்த இடத்தில் இறங்கத் தெரியாத பயல் என்று ஆகிவிட்டான். பொய் சொன்ன அடுத்த வருஷம் பூட்டனே கல் நட்டார், எல்லாரையும் கரையில் ஏறி நிற்கச் சொன்னார். என் அப்பா சொன்னார், “அன்னைக்கு நிக்க வேண்டிய எடத்துல இப்ப நிக்கோம் தாயி, அவன் எறங்கட்டும்னு விட்டுட்டு நிக்கோம்.” இதுதான் பூசை. இதை மாற்றி, நாங்கள் நின்றதே அங்கேதான் என்று அதே பூசையைச் சாட்சி ஆக்கிவிட்டார்கள். பழியையும் அந்தப் பிள்ளை மேல் போட்டு, பூவிலும் அவனுக்கு மிச்சத்தைப் போடுகிற ஊர் நம் ஊர். எனக்கு நினைக்க நினைக்க ஆறவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். உன் அப்பா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பெரிய கோயில் பக்கத்து லாட்ஜில் கேட்டால் அந்த அம்மா விடிவதற்குள்ளேயே மதுரை விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். கார் ஸ்டாண்டில் உட்கார்ந்து யாசின் திரும்புகிற வரைக்கும் காத்திருந்தேன், ஒரு டீக்கடையில் மூன்று டீ குடித்தேன், எழுந்து நடந்தேன், திரும்பி வந்து உட்கார்ந்தேன், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் வந்தான். “ஆச்சி, அந்தம்மா மதுர வரைக்கும் கண்ணாடி வழியாவே பாத்துட்டு வந்தாக” என்றான். ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னான். “எல்லாரும் ரொம்ப நல்லவகன்னு சொன்னாக ஆச்சி. ஆனா பதில் சொல்லுததுக்கு முன்னால ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாகன்னும் சொன்னாக.” செல்வி, அந்தச் சொல் என் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. அவர்கள் தெரியாமல் போகவில்லை, மறைக்கிறோம் என்று தெரிந்துகொண்டு போனார்கள். நாம் என்ன மறைக்கிறோம் என்று என்னவெல்லாம் நினைத்திருப்பார்களோ. அடித்துக் கொன்றுவிட்டு மறைக்கிறோம் என்றுகூட நினைக்கலாம் அல்லவா. யாசினிடம் அவர்கள் கொடுத்த விலாசச் சீட்டு இருந்தது, அதை விமல் போனில் போட்டுப் பார்த்தான், உங்கள் இங்கிலாந்தில் யார்க் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், உன் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்கிறான். உன்னை எதற்காக ஆண்டாள் அவ்வளவு தூரம் அனுப்பினாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீ நர்ஸ் வேலைக்காகப் போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர் போன சேதி எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. சமுத்திரம் அண்ணனும் மதினியும் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். முதலில் அன்றைக்குப் பேசினதை மனசில் வைக்காதே என்றார், நான் வைத்திருக்கிறேன் என்றேன். பிறகு சொன்னார், அவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இல்லாமல் இல்லை, அதையும் உனக்கு எழுதிவிடுகிறேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு வெள்ளைக்காரனைக் கொன்ற ஊர் என்று ஆண்களையெல்லாம் கட்டி இழுத்துக்கொண்டு போயிருப்பான், போலீசை ஊருக்குள் குடிவைத்து அதற்கும் நம்மிடமே தண்டம் வாங்கியிருப்பான், தாத்தா சொன்ன ஒரு பொய்யில்தான் அத்தனை குடும்பமும் பிழைத்தது என்றார். சரி என்றேன். தாத்தா அன்றைக்குச் சொன்னதை நான் குறை சொல்லவில்லை. வெள்ளைக்காரன் போய் எத்தனை வருஷம் ஆச்சு, இன்றைக்கு யார் வந்து நம்மைக் கட்டி இழுக்கப் போகிறான், வந்தது தடி ஊன்றின ஒரு கிழவி, அவளுக்கும் அதே பொய்யா என்று கேட்டேன். யூடியூபில் ஊரையே கொலைகார ஊர் என்று போடுவார்கள் என்றார். யூடியூபில் போட்டது உன் மகன்தான் என்றேன். அதன் பிறகுதான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். நான் அந்த அம்மாவுக்குச் சொல்வதாக இருந்தால் ஊரில் இருக்கிற என் தம்பியிடம் அடுத்த வருஷம் வரி வாங்க மாட்டார்களாம். வரி வாங்காவிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், நல்லது கெட்டதுக்கு யாரும் அவன் வாசலை மிதிக்க மாட்டார்கள், அவன் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். சாயங்காலமே தம்பி போன் போட்டு அழுதான். அக்கா, பொறவு நான் எங்க போவேன் என்றான். ராஜபாளையத்தில் வந்து இரு என்றேன், அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும். அவனுக்கு இதனால் கஷ்டம் வரும். வந்தால் அவன் பக்கத்தில் நின்று அந்தக் கஷ்டத்தைப் படுவேன். ஆனால் அதற்காக வாயை மூட மாட்டேன். உன் அப்பா இத்தனையும் கேட்டுவிட்டு நாற்காலியிலிருந்து சொன்னார், “எழுது. பொறவு ஊருக்குப் போக முடியலன்னு எங்கிட்ட வந்து அழக் கூடாது.” நாற்பத்தெட்டு வருஷத்தில் அவர் எனக்குக் கொடுத்த பெரிய ஆதரவு இது.

அந்த அம்மாவிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும் என்றதற்கு நீ போனில் என்ன சொன்னாய். அம்மா, தொண்ணூறு வருஷம் ஆச்சு, அவியளுக்கு எழுபத்தெட்டு வயசு, இப்பப் போய் மனசைக் கலைக்கணுமா என்றாய். கலையாத மனசா இந்த வெயிலில் கடல் தாண்டி வந்து கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு அங்கே சட்டம் இருக்கிறது என்று நீதான் எனக்குப் பெருமையாகச் சொன்னாய். விமல் ஈமெயிலில் அனுப்பிவிடலாம் என்றான், வேண்டாம் என்றேன். நேரில் வந்து கேட்டவளுக்கு நேரில் பொய் சொல்லியிருக்கிறோம், பதிலும் நேரில்தான் போக வேண்டும், பொய் சொன்ன நாட்டாமையின் ரத்தத்தில் ஒருத்தி போய் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். விலாசச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், அதில் போன் நம்பரும் இருக்கிறது, முதலில் போன் போட்டு, வரலாமா என்று கேட்டுவிட்டுப் போ. பேத்தியையும் கூட்டிப் போ. எதையும் சுற்றி வளைக்காதே. அவன் தூக்கினது நிஜம், அதிகாரிகள் எழுதினதில் அது பொய் இல்லை. இடம் காலியாக இருந்தது என்பதுதான் பொய், அந்தப் பொய் எங்களுடையது என்று சொல். எங்கள் பூட்டன் நல்லவர், பயந்துவிட்டார் என்று ஒரு வரி சொல்லலாம், இரண்டாவது வரி சொல்லாதே. மன்னிப்புக் கேட்டு அழுது அவர்களை உனக்குச் சமாதானம் சொல்ல வைத்துவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அவர்கள் கோபப்பட்டால் உட்கார்ந்து வாங்கிக்கொள். வெளியே போ என்று கதவைத் திறந்துவிட்டால் எழுந்து வா. இந்தக் குழந்தை யார் என்று கேட்டால், உங்கள் பெரியப்பா அன்றைக்கு யார் தலைக்கு மேலே தூக்கினாரோ அந்தப் பிள்ளையின் கொள்ளுப்பேத்தி என்று சொல்லு. அதற்கு மேல் நீ ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கு என்ன, எழுதிவிடுவாள், போகிறது நான் அல்லவா என்று முணுமுணுப்பாய். அதற்கும் வழி செய்துவிட்டேன். போன வாரம் விமலைக் கூட்டிக்கொண்டு போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். கைரேகை எடுத்த பெண், பாட்டி எங்க போறீங்க என்று கேட்டாள், ஒரு வீட்டுக்குச் சேதி சொல்லப் போகிறேன் என்றேன். உன் பிரசவத்துக்கு நான் வரவில்லை என்று பேத்திக்கு ஆறு வயது ஆன பிறகும் சொல்லிக்காட்டுகிறாய். பறக்கிற ஒன்றில் ஏறி உட்கார மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் எனக்கு அது பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளைக்கு ஏறாதவள் யாரோ ஒரு கிழவிக்கு ஏறுகிறாளா என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் பக்கத்தில் அன்றைக்கு டாக்டர் இருந்தார், நர்ஸ் இருந்தார், மாப்பிள்ளை இருந்தார். அந்த அம்மாவுக்குச் சொல்ல என்னையும் உன்னையும் விட்டால் ஆள் இல்லை. ஆடி முடிகிற வரைக்கும் உனக்குத் தவணை. அதற்குள் நீ போகவில்லை என்றால் ஆவணியில் நான் ஏறுவேன், கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன், வந்து இறங்கி உன் வீட்டுக்குக்கூட வராமல் நேரே யார்க் போவேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று உனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையை நைட் டூட்டிக்குப் பிறகு கார் ஓட்ட விடாதே. பேத்திக்குத் தமிழில் பேசிக் கொடு, இங்கிலீஷ் தானாக வந்துவிடும். கருவேப்பிலைப் பொடியும் எள்ளுப்பொடியும் கட்டி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு சுத்தமாக, நீண்ட நாள் வாழ வேண்டும் என்று உன் அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இந்தக் கடிதம் கிடைத்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை போன் போடுவேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். போனாயா என்றுதான் கேட்பேன்.

உன் அம்மா
தனுஷ்கோடி அய்யம்மாள்